ஜூரிகளை யார் தேர்ந்தெடுத்தாங்க டீச்சர்?



போன மாதம் எம்.கே. தியாகராஜ பாகவதர் வழக்கைப் பற்றி எழுதியிருந்தேன். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப்பட்டு இறந்தது, 1945-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் பெரும்பான்மையாகக் குற்றவாளி என்று சொன்னது, பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறை போனது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947-இல் விடுதலையானது எல்லாம் சொல்லியிருந்தேன். கீழே பலரும் பாகவதர் பாட்டைப் பற்றித்தான் எழுதினீர்கள். அது தப்பில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், இப்போது லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான், ஒரே வரி கேட்டிருந்தான்: "அந்த ஜூரிகளை யார் தேர்ந்தெடுத்தாங்க டீச்சர்?"

வகுப்பில் அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் திறந்தாலும் சரியான இடத்தில் திறந்திருக்கிறான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள்; சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் ஓய்வு பெற்றபின் வாசிக்க நேரம் இருக்கிறது. போன வருஷம் என் மகள் மூலமாக இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்ததால், இதைத் தேடித்தேடிப் படித்தும் வைத்திருந்தேன். பதில் நீளும். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் நம் ஊர்ப் பக்கம். ஜூரி என்பதை வெள்ளைக்காரன்தான் இங்கே கொண்டுவந்தான். யார் உட்காரலாம் என்ற சண்டையும் அன்றே தொடங்கிவிட்டது. 1826-இல் போட்ட சட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஜூரியில் உட்காரலாம். ஆனால் விசாரிக்கப்படுபவர் கிறித்தவராக இருந்தால் உட்காரக் கூடாது. கிறித்தவர்களோ எல்லாரையும் விசாரிக்கலாம். இதை எதிர்த்து மனு எழுதியவர் யார் தெரியுமா? நாம் உடன்கட்டை ஒழிப்புப் பாடத்தில் படித்தோமே, அதே ராஜா ராம்மோகன் ராய். 1832-இல் அந்தப் பாகுபாடு போனது. நம் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரிகூட வரவில்லை.

காகிதத்தில் போனது நடைமுறையில் போகவில்லை. 1908-இல் பால கங்காதர திலகர் மீது ராஜத்துரோக வழக்கு. அவர் எழுதிய கட்டுரைகள் மராத்தியில். அரசாங்கம் 'சிறப்பு ஜூரி' வேண்டும் என்று கேட்டது. அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தான் வருவார்கள், மராத்தி வாசிக்கத் தெரியாதவர்கள் மராத்திக் கட்டுரையை எப்படி எடைபோடுவார்கள் என்று திலகர் தரப்பு எதிர்த்தது. நீதிபதி கேட்கவில்லை. 9 பேர் உட்கார்ந்தார்கள்: 7 ஐரோப்பியர், 2 பார்சிகள். தீர்ப்பு 7-க்கு 2 என்ற கணக்கில் குற்றவாளி. மாண்டலே சிறையில் 6 வருஷம். அதற்கு முன் 1897 வழக்கில் 6 ஐரோப்பியர், 3 இந்தியர். தீர்ப்பு 6-க்கு 3. கூட்டல் கழித்தலே வேண்டாம். ஆட்களை உட்கார வைத்தபோதே தீர்ப்பையும் உட்கார வைத்துவிட்டார்கள். (1908 வழக்கின் நீதிபதி தாவர், 1897-இல் இதே திலகருக்காக ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.)

நம் நாட்டில் நானாவதி வழக்குக்குப் பிறகு ஜூரி முறைக்கு மதிப்புக் குறைந்து, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது போய்விட்டது. நானாவதிதான் கடைசி ஜூரி வழக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சரியில்லை, அதற்குப் பிறகும் சில வருஷம் ஜூரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படியோ, இங்கே ஜூரியில் உட்கார்ந்த அனுபவம் உள்ள யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆகவே உயிரோடு இருக்கும் ஜூரி முறையைப் பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

என் மகள் அங்கே போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. குடியுரிமை வாங்கிச் சில வருஷம்தான். போன வருஷம் அவளுக்கு ஒரு சம்மன் வந்தது. "அம்மா, கோர்ட்ல இருந்து லெட்டர்" என்று அவள் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் வீட்டில் கோர்ட் லெட்டர் என்றால் வாய்க்கால் தகராறு அல்லது பாகப்பிரிவினை. அவள் சிரித்துக்கொண்டே, வாக்காளர் பட்டியலில் இருந்தும் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலில் இருந்தும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுப் பேர் எடுக்கும், 18 வயது முடிந்த குடிமக்கள் யாருக்கும் வரலாம் என்றாள். போகாமல் இருந்தால் அபராதமாம்.

காலையில் போய் ஒரு பெரிய ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். நூறு பேருக்கு மேல். புத்தகம் வாசிப்பவர், ஸ்வெட்டர் பின்னும் பாட்டி, வேலைக்கு நேரமாகிறதே என்று புலம்பும் பையன். ஒரு கூட்டத்தின் பேர்களை வாசித்து மேலே கோர்ட் அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பேர் கிடையாது, நம்பர்தான். இவள் 23. சத்தியப் பிரமாணம் எடுத்தபின் நீதிபதியும் இரு தரப்பு வக்கீல்களும் கேள்வி கேட்கிறார்கள். அதற்கு 'வ்வார் டீர்' என்று பழைய சட்டப் பிரெஞ்சில் ஒரு பேர். உண்மை பேசுவது என்று அர்த்தம். என்ன வேலை, போலீஸில் சொந்தக்காரர் உண்டா, குற்றம் சாட்டப்பட்டவரைத் தெரியுமா, உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ திருட்டு கொள்ளை நடந்திருக்கிறதா. எதிரே அந்தக் குற்றம் சாட்டப்பட்ட பையன் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கறுப்பினப் பையன், இருபது வயது இருக்கும். வழிப்பறி வழக்கு.

உண்மை பேசு என்றால் என் மகள் பேசிவிடுவாள். என் வளர்ப்பு. எனக்கு ஒருமுறை பள்ளி விட்டு வரும்போது பைக்கில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனதை, பழைய ஆட்கள் நினைவு வைத்திருப்பீர்கள். அதை அவள் எழுந்து நின்று அந்தக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறாள். என் சங்கிலி கடல் தாண்டிப் போனது அப்படித்தான். "அதனால் உங்களால் இந்த வழக்கை நடுநிலையாகப் பார்க்க முடியுமா?" என்று நீதிபதி கேட்க, "முடியும், அந்தப் பையன் வேறு, இந்தப் பையன் வேறு" என்றிருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வக்கீல்கள் சீட்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, 23-ஆம் எண் ஜூரருக்கு நன்றி, அவர் போகலாம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அதே வக்கீல் முன் வரிசையில் இருந்த ஒரு வயதான கறுப்பினத்தவரையும் அனுப்பினார். எதிர்த்தரப்பு வக்கீலும் தன் பங்குக்கு இரண்டு மூன்று பேரை அனுப்பினார். இவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள். இங்கே நடு ராத்திரி.

"அம்மா, நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?"

விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள் அழுகிற குரலில் பேசியது எனக்கு முதலில் புரியவில்லை. சங்கிலி பறிகொடுத்த வீட்டுப் பெண் என்றால் அரசுத் தரப்பு வேண்டும் என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? அப்படியென்றால் எதற்கு அனுப்பினார்? என் உச்சரிப்பா, என் நிறமா, நான் சொன்ன பதிலா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அந்த வக்கீலுக்கு மட்டும் தெரியும். அன்று தூக்கம் போய்த்தான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு ஜூரரை நீக்க அங்கே இரண்டு வழி. ஒன்று, காரணம் சொல்லி நீக்குவது: இவர் குற்றவாளிக்கு மாமன் முறை, இவர் போலீஸ்காரர் சொன்னால்தான் நம்புவேன் என்கிறார், இப்படி. நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை பேரை வேண்டுமானாலும் நீக்கலாம். இரண்டாவது, காரணமே சொல்லாமல் நீக்குவது. இதற்கு எண்ணிக்கை உண்டு. மத்திய நீதிமன்றத்தில் பெருங்குற்ற வழக்கு என்றால் அரசுத் தரப்புக்கு 6, எதிர்த்தரப்புக்கு 10. மரண தண்டனை வழக்கு என்றால் ஆளுக்கு 20. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். வெள்ளைக்காரன் காலத்தில் நம் உயர் நீதிமன்றங்களிலும் இந்தக் காரணம் சொல்லா உரிமை இருந்தது. இந்த இரண்டாவது வழிக்குள்தான் அமெரிக்காவின் ஒரு பெரிய சரித்திரம் ஒளிந்திருக்கிறது.

அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்தபின்னும் மேற்கு வர்ஜீனியாவில் வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரி ஆகலாம் என்று சட்டமே இருந்தது. 1880-இல் ஸ்ட்ராடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு என்று படித்துக்கொண்டே வந்தால், அதே தீர்ப்பில் இன்னொரு வரி: ஆண்கள் மட்டும் என்று வைத்துக்கொள்வதில் தடையில்லை. நிறத்துக்குக் கதவைத் திறந்துகொண்டே பெண்ணுக்குச் சாத்தியிருக்கிறார்கள்.

சட்டத்தில் எழுதியதை அடித்துவிட்டால் எழுதாமல் செய்யலாம் அல்லவா? அதுதான் அடுத்த 50 வருஷம். 1931-இல் அலபாமா மாநிலத்தில் ஒரு சரக்கு ரயிலில் இருந்து 9 கறுப்பினப் பையன்களைப் பிடித்து, இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். ஸ்காட்ஸ்போரோ பையன்கள் என்று சரித்திரத்தில் பேர். சில நாட்களில் விசாரணையே முடிந்து 8 பேருக்கு மரண தண்டனை. அந்த வழக்குப் பல சுற்றுப் போனது. நியூயார்க்கில் இருந்து வந்த சாமுவேல் லீபோவிட்ஸ் என்ற வக்கீல், இந்தக் கவுண்டியில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஜூரியாக உட்கார்ந்ததில்லை என்று வாதாடினார். 50 வயதில் இருந்து 76 வயதுவரை உள்ள ஆட்கள் சாட்சி சொன்னார்கள்: எங்கள் ஆயுளில் பார்த்ததே இல்லை.

கவுண்டி அதிகாரிகள் உடனே ஜூரிப் பட்டியல் நோட்டைக் கொண்டுவந்து, இதோ பாருங்கள், கறுப்பினத்தவர் பேர்களும் இருக்கிறதே என்றார்கள். இருந்தது. எங்கே? ஒவ்வொரு பகுதிப் பட்டியலின் கடைசியில். புதிய அதிகாரிகள் வந்தபோது பழைய பட்டியல் இத்தோடு முடிந்தது என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பேர்கள் கோட்டின்மேல் எழுதப்பட்டிருந்தன. கோடு போட்டபின் எழுதியவை என்று கையெழுத்து நிபுணர் சொன்னார். அதாவது வழக்கு வந்தபின் சேர்த்தவை. வருகைப் பதிவேட்டில் பின்னால் இனிஷியல் போட்ட நோட்டுகளை எத்தனையோ பார்த்த எனக்கு, இதைப் படிக்கும்போதே சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

1935-இல் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றத்தில் லீபோவிட்ஸ் இது மோசடி என்றார். நிரூபிக்க முடியுமா என்று தலைமை நீதிபதி ஹியூஸ் கேட்டார். முடியும் என்று அந்த நோட்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் நீட்டினார். நீதிபதிகள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். தண்டனை ரத்தானது. ஆனால் அந்தப் பையன்களின் கஷ்டம் அத்தோடு முடியவில்லை. திரும்பத் திரும்ப விசாரணை, பலருக்குப் பல வருஷச் சிறை.

ஜார்ஜியாவில் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். பெட்டிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பதுதான் முறை. வெள்ளையர் பேர் வெள்ளைச் சீட்டில். கறுப்பினத்தவர் பேர் மஞ்சள் சீட்டில். சீட்டை எடுப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டா எடுக்கிறார்? ஏவரி என்பவர் வழக்கில் ஏறக்குறைய 60 பேரை எடுத்ததில் ஒரு மஞ்சள் சீட்டும் வரவில்லை. 1953-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

மிசிசிப்பியில் அந்தச் சிரமமும் படவில்லை. 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கடத்திக் கொன்ற வழக்கு. அந்தக் கவுண்டியில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. ஆனால் ஜூரிகளை வாக்காளர் பட்டியலில் இருந்து எடுப்பார்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர்கூடக் கிடையாது, பதிய விட்டால்தானே? பெண்களும் ஜூரியில் கிடையாது. 12 வெள்ளை ஆண்கள் 67 நிமிடத்தில் குற்றமில்லை என்றார்கள். நடுவே சோடா குடிக்க நிறுத்தாவிட்டால் இவ்வளவு நேரமும் ஆகியிருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். விடுதலையான இருவரும் சில மாதங்களில் ஒரு பத்திரிகையில் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானால் மறுபடி விசாரிக்க முடியாது. 14 வயது என்றால் நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் பெண்கள் ஜூரி ஆகத் தடையில்லை. ஆனால் தாங்களே போய்ப் பேர் கொடுத்தால்தான். கணவனைக் கொன்றதாக க்வெண்டலின் ஹாய்ட் என்ற பெண் மீது 1957-இல் வழக்கு. அந்தக் கவுண்டியில் ஏறக்குறைய 46,000 பெண் வாக்காளர்கள். பேர் கொடுத்தவர்கள் 220 பேர். 10,000 பேர் கொண்ட ஜூரிப் பட்டியலில் ஏறியவர்கள் 10 பேர். 6 ஆண்கள் உட்கார்ந்து 25 நிமிடத்தில் குற்றவாளி என்றார்கள். பெண் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நடு மையம், அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற பொருளில் 1961-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சரி என்றது. இப்படிப் புகழ்ந்தே உட்கார வைக்கிற வித்தை நமக்கும் பழக்கம்தானே. 1975-இல்தான் இந்த முறை செல்லாது என்றார்கள். என் அம்மா வயதுப் பெண்களின் ஆயுளில் பாதி அங்கே அப்படிப் போயிருக்கிறது.

சரி, பட்டியலில் பேர் வந்துவிட்டது, குலுக்கலும் நேர்மை என்றே வைத்துக்கொள்வோம். கறுப்பினத்தவர் கோர்ட் அறைவரை வந்துவிடுகிறார். அங்கேதான் அந்தக் காரணம் சொல்லா உரிமை காத்திருக்கிறது. அலபாமாவில் ஸ்வெய்ன் என்ற கறுப்பின இளைஞர் வழக்கில், ஜூரியாகத் தகுதியோடு மிச்சமிருந்த 6 கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் நீக்கினார். 1965-இல் உச்ச நீதிமன்றம், ஒரு வழக்கை வைத்துச் சொல்ல முடியாது, வழக்குக்கு வழக்கு இப்படியே செய்கிறார் என்று நிரூபித்துக் காட்டு என்றது. சிறைக்குள் இருப்பவன் மற்ற வழக்குகளின் கணக்கை எங்கே போய் எடுப்பான்?

இருபது வருஷம் இப்படியே போனது. 1982-இல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தில் ஜேம்ஸ் பேட்சன் என்பவர் மீது வீடு புகுந்து திருடிய வழக்கு. சின்ன வழக்கு. வந்திருந்த 4 கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் நீக்கினார். 12 பேரும் வெள்ளையர். வக்கீல்கள் யாரை வேண்டுமானாலும் நீக்கலாம் என்றார் நீதிபதி. பேட்சன் தரப்பு விடவில்லை. 1986-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் முன் தீர்ப்பை மாற்றியது. நிறத்துக்காக நீக்கியதாகச் சந்தேகம் எழுந்தால் எதிர்த்தரப்பு அந்த வழக்கிலேயே ஆட்சேபிக்கலாம். நீக்கியவர் நிறத்தைச் சாராத காரணம் சொல்ல வேண்டும். அது உண்மையா என்று நீதிபதி முடிவு செய்வார். 1994-இல் இதை ஆண் பெண் பேதத்துக்கும் நீட்டினார்கள். அந்த வழக்கில் நீக்கப்பட்டவர்கள் ஆண்கள் என்பது ஒரு வேடிக்கை.

பேட்சன், மறுபடி ஒரு விசாரணை வேண்டாம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 வருஷத் தண்டனையை ஏற்றார். அந்த நால்வரையும் நீக்கிய அரசு வக்கீல் பின்னாளில் அந்த வேலையை விட்டு, அதே லூயிவில்லில் பள்ளிக்கூட ஆசிரியரானார். முகமது அலி படித்த பள்ளி அது. வக்கீலாக இருந்து வாத்தியாராக வந்தவரைப் பற்றி நான் வேறென்ன சொல்வது, நல்வரவு என்பதைத் தவிர!

1986 தீர்ப்பிலேயே ஒரு நீதிபதி எச்சரித்திருந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி துர்குட் மார்ஷல். தீர்ப்பு சரி, ஆனால் இது போதாது, ஏதோ ஒரு காரணத்தை யாரும் சொல்லிவிடலாம், இந்த உரிமையையே எடுத்துவிடுங்கள் என்று அவர் தனியாக எழுதினார்.

அவர் சொன்னபடியே நடந்தது. மறு வருஷமே பிலடெல்பியாவில் ஒரு அரசு வக்கீல், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஜூரி எடுப்பது எப்படி என்று பாடம் நடத்திய வீடியோ உண்டு. ஏழைப் பகுதிக் கறுப்பினத்தவரைத் தவிர்க்கச் சொல்கிறார். புத்திசாலிகள் வேண்டாம் என்கிறார். ஆசிரியர்களையும் ஒதுக்கச் சொல்கிறார்! பத்து வருஷம் கழித்து அந்த டேப் வெளியே வந்தது.

அதே 1987-இல் ஜார்ஜியாவில் திமொத்தி ஃபாஸ்டர் என்ற கறுப்பின இளைஞர் மீது கொலை வழக்கு. இருந்த 4 கறுப்பினத்தவரும் நீக்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அரசு வக்கீல் வரிசையாகக் காரணம் வைத்திருந்தார். 34 வயதுப் பெண் ஒருத்தி, குற்றம் சாட்டப்பட்டவன் வயதுக்கு நெருக்கமாம். அவனுக்கு வயது 19-தான். வெள்ளையரில் அவளைவிட இளையவர்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை உதவியாளராக அவள் வேலை பார்த்ததும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. 2006-இல் நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரியான ஒரு சட்டத்தில் விண்ணப்பித்து அந்த வக்கீல் அலுவலகத்தின் கோப்பை வாங்கினார்கள். ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பேர்கள்மேல் பச்சை மை. மூலையில் குறிப்பு: பச்சை என்றால் கறுப்பினத்தவர். 'கண்டிப்பாக வேண்டாம்' என்று இன்னொரு பட்டியல். அதில் முதல் 5 பேர் கறுப்பினத்தவர். மஞ்சள் சீட்டு போய்ப் பச்சை மை வந்திருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் 29 வருஷம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மிசிசிப்பியில் கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவர் மீது, ஒரு மரச்சாமான் கடையில் 4 பேரைக் கொன்றதாக வழக்கு. ஒரே வழக்கு 6 முறை விசாரிக்கப்பட்டது, ஆறு முறையும் ஒரே அரசு வக்கீல் தலைமையில். ஆறு விசாரணையிலும் சேர்த்து நீக்க வாய்ப்புக் கிடைத்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்கியிருந்தார்கள். ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட 5 கறுப்பினத்தவரிடம் அரசுத் தரப்பு 145 கேள்வி கேட்டது; ஜூரியில் அமர்ந்த 11 வெள்ளையரிடம் மொத்தம் 12 கேள்வி. வாய்மொழித் தேர்வில் பிடிக்காத பிள்ளையிடம் மட்டும் கேட்டுக்கொண்டே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் தடுக்கும், அதைக் காரணமாக எழுதலாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் ரத்து செய்தது. 2020-இல் அரசே வழக்கைக் கைவிட்டது. ஏறக்குறைய 23 வருஷம் சிறையில் இருந்திருந்தார்.

இதையெல்லாம் படித்தபின் என் மகளிடம் சொன்னேன்: உன்னை ஏன் அனுப்பினார் என்று கண்டுபிடிக்க முடியாது, ஆனால் நீ கேட்ட கேள்வி உனக்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்டு, அதில் சிலர் சிறைக்குள் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றம்வரை கேட்டது. "அப்போ அந்த முன் வரிசைத் தாத்தா?" என்றாள். எனக்கும் அவரைப் பற்றித்தான் யோசனை. இவளுக்காவது இது முதல் தடவை.

இப்போது சில மாநிலங்கள் மாற்றியிருக்கின்றன. வாஷிங்டன் மாநிலம் 2018-இல் ஒரு விதி கொண்டுவந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் சாக்குகளையெல்லாம் பட்டியல் போட்டு, இவற்றைச் சொன்னால் செல்லாது என்றே கருதுவோம் என்றது. போலீஸ் மீது நம்பிக்கை இல்லை, குற்றம் அதிகம் நடக்கும் பகுதியில் வசிக்கிறார், அரசு உதவித்தொகை வாங்குகிறார், ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதெல்லாம் அதில் அடக்கம். இங்கிலாந்து 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் அரிசோனாதான் முதல் மாநிலம்: 2022 ஜனவரி 1 முதல் அங்கே எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் ஒரு ஜூரரையும் அனுப்ப முடியாது. துர்குட் மார்ஷல் எழுதி 36 வருஷம் ஆகியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வக்கீல்களிலேயே சிலர் இதை எதிர்க்கிறார்கள். பகையோடு பார்க்கிற ஜூரரை அனுப்ப எங்களுக்கும் இந்த உரிமை வேண்டுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு அரிசோனாவுக்குத்தான்.

லாரி ஆபீஸ்காரனே, உன் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. பாகவதர் வழக்கின் ஜூரிகளைப் பற்றி உன் தாத்தா காலத்துப் பத்திரிகைகள் எங்காவது கிடைத்தால் எடுத்துவை, நான் வந்து பார்க்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் யாராவது ஜூரியில் உட்கார்ந்து கடைசிவரை வழக்குக் கேட்டிருந்தால், அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு 12 பேர் பேசும் அறையைப் பற்றி எனக்கு எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்.